வெயில் அடிக்குது, வெள்ளம் எப்படி வந்தது டீச்சர்?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு முன்பள்ளி நடத்துகிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போய், மறுபடி வகுப்புத் தொடங்கியபோது பிள்ளைகளை விட வந்த அம்மாமார் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். "இதையெல்லாம் பிள்ளைக்கு எப்படிச் சொல்றது டீச்சர்? சொல்லத்தான் வேணுமா?" வாசலில் நின்றபடி அவசர அவசரமாகச் சொன்னதை ஆற அமர எழுதி வைக்கிறேன்.

சொல்லத்தான் வேண்டும். நாங்கள் சொல்லாவிட்டால் டிவி சொல்லும், மேல்மாடி அண்ணா சொல்வான், வட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பிள்ளை பார்க்கவில்லை என்று நினைத்து நாங்களே காட்டிவிடுவோம். ஒரே வீடு இடிந்து விழுவதைப் பத்துத் தரம் போட்டால் சின்னப் பிள்ளைக்கு அது பத்து வீடு. போன கிழமை எடுத்த காட்சி, இப்போது நடப்பது என்ற வித்தியாசமும் அந்த வயதில் தெரியாது. அதனால் முதல் வேலை, செய்தி நேரத்தில் பிள்ளை கூடத்தில் இருந்தால் டிவியை நிறுத்துவது. வெள்ள அறிவிப்பு கட்டாயம் கேட்க வேண்டுமென்றால் குசினியில் ரேடியோவைப் போட்டுக் கேளுங்கள்.

அடுத்தது எப்படிச் சொல்வது என்பது. பெரியவர்கள் சொல்லும் விதத்தில் நான் அடிக்கடி கவனிக்கும் ஒரு குறை இருக்கிறது. காரணத்தில் தொடங்கிப் பயங்கரத்தில் நிறுத்திவிடுகிறோம். "தாழமுக்கம் வந்தது, மழை கொட்டியது, ஆறு பெருகியது, வீடெல்லாம் மூழ்கிவிட்டது." அவ்வளவுதான், எழும்பி வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நாலு வயதுப் பிள்ளையின் மனதில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் இன்னும் நிற்கிறது. வடிந்ததை யாரும் சொல்லவில்லையே. சின்னப் பிள்ளைக்கு "ஏன்" என்பதைவிட "அப்புறம் என்ன" என்பது முக்கியம். எதற்குப் பிறகு எது வரும், எப்போது முடியும், முடிந்த பிறகு யார் வந்து கூட்டித் துடைப்பார்கள் என்பது வரை சொல்லுங்கள். காரணத்தில் பாதியை விட்டாலும் பரவாயில்லை, முடிவை விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை "வெள்ளம் ஏன் வருது?" என்று கேட்டால் அது புவியியல் கேள்வியாக இருக்க வேண்டுமென்று இல்லை. பெரும்பாலும் உள்ளே வேறு மூன்று கேள்வி இருக்கும்: எங்கள் வீட்டுக்கு வருமா? வந்தால் அம்மா எங்கே இருப்பா? யார் செய்தது? நான் இந்த வரிசையிலேயே பதில் சொல்வேன். "இப்போது நாங்கள் இருக்கிற இடம் பாதுகாப்பு. தண்ணீர் வருகிற மாதிரி இருந்தால் பெரியவர்கள் முன்னாலேயே பார்த்து, உன்னையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவோம். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை." அதற்குப் பிறகும் பிள்ளை அங்கேயே நின்றால்தான் ஆறு, மலை எல்லாம். பாதிப் பிள்ளைகள் இந்த மூன்று வசனத்தோடு விளையாடப் போய்விடுவார்கள். போகட்டும். பிடித்து வைத்துப் பாடம் நடத்தத் தேவையில்லை.

"எங்களுக்கு ஒருநாளும் வராது" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அது பொய் என்று தெரியும். 2016 மே மாதமும் அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, டித்வாவிலும் வந்தது. வந்தால் என்ன செய்வோம் என்று சொல்லுங்கள். வராது என்ற வாக்கைவிட அது அதிக நாள் நிற்கும்.

சரி, வெள்ளம். கொழும்புப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தக் கஷ்டமானது, மழை நின்ற பிறகு தண்ணீர் ஏறுவதுதான். டித்வா சமயத்தில் கொழும்பில் மழை விட்ட பிறகும் களனி கங்கை ஏறிக்கொண்டே இருந்தது. "மழை நின்னுடுச்சே டீச்சர், வெயில் அடிக்குதே, பிறகு எப்படித் தண்ணி வருது?" நல்ல கேள்வி. பெரியவர்களே இதில் ஏமாந்து, வெயிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது, செய்து காட்ட வேண்டும். கேக் வேகவைக்கும் பெரிய தட்டு ஒன்று எடுங்கள். ஒரு பக்கத்தில் களிமண்ணால் மலை கட்டுங்கள். அங்கிருந்து மற்றப் பக்கம் வரைக்கும் விரலால் ஒரு ஆறு கீறுங்கள். ஆறு முடிகிற இடத்தில் லெகோ வீடுகளை வையுங்கள். பிள்ளையின் கையால் வைக்கவிட்டால் நல்லது, "இது எங்கட வீடு" என்று தானே சொல்லும். பிறகு மலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டுப் பக்கம் ஒரு சொட்டும் விழக்கூடாது. தண்ணீர் மெதுவாக ஓடிவந்து வீட்டடியில் சேருவதைப் பிள்ளை பார்க்கட்டும். அப்போது சொல்லுங்கள்: களனி கங்கை சிவனொளிபாதமலைப் பக்கம் தொடங்கி, 145 கிலோமீற்றர் ஓடி வந்து, எங்கள் மட்டக்குளிக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. அங்கே மலையில் பெய்த மழை இங்கே வந்து சேர ஒரு நாள், சில வேளை அதைவிடக் கூடவும் எடுக்கும். அது நடந்து வந்துகொண்டிருக்கும்போது இங்கே வெயில் அடிக்கலாம்.

இரண்டாம் தரம் செய்யும்போது ஆற்றின் இரண்டு பக்கத்திலும் பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சை வெட்டி வையுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர் குறையும். ஸ்பொஞ்ச் இருக்கிற இடம்தான் சதுப்பு நிலம். கொலன்னாவை, தலவத்துகொட, பத்தரமுல்ல பக்கமெல்லாம் மிச்சமிருப்பது அதுதான். ஈரநிலங்களைக் காக்கிற உலக ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், 2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இந்தச் சதுப்புகளால்தான். அதே சதுப்பில் மண் போட்டு நிரப்பி வீடு கட்டிக்கொண்டே அந்தப் பட்டத்தையும் வைத்திருக்கிறோம், அது வேறு கதை. பிள்ளைக்கு அந்த அரசியல் வேண்டாம். ஸ்பொஞ்சை எடுத்தால் வீடு நனைகிறது என்பதைக் கண்ணால் கண்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தியசரு பூங்காவுக்குக் கூட்டிப்போய் "இதுதான் அந்த ஸ்பொஞ்ச்" என்று காட்டினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி. தட்டைச் சரித்துத் தண்ணீரை வடிய விடுங்கள். வீடுகளைத் துடைத்துத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். சேறு ஒட்டியிருக்கும், கழுவட்டும். என் வகுப்பில் பிள்ளைகள் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான்.

கிராண்ட்பாஸ் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாகலகம் வீதி தெரியும். ஆற்றின் உயரத்தை அங்கே அளக்கிறார்கள், செய்தியில் "நாகலகம் வீதியில் இத்தனை அடி" என்று சொல்வது அதைத்தான். அளக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. ராத்திரி எல்லோரும் தூங்கும்போதும் தண்ணீரை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? வீட்டில் பழைய அடிமட்டம் ஒன்றை வாளிக்குள் நிறுத்தி மொட்டைமாடியில் வையுங்கள். மழை பெய்த அடுத்த நாள் காலையில் பிள்ளை போய்ப் பார்த்து வந்து சொல்லட்டும். பார்த்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு வளர்ப்பதாகிவிடும்.

வெள்ளத் தண்ணீரில் விளையாட ஆசைப்படாத பிள்ளை கிடையாது. "இறங்காதே" என்று கத்துவதற்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். கானின் மூடி எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாது, கக்கூஸ் தண்ணீரும் கலந்திருக்கும், பாம்பும் ஒதுங்க இடம் தேடி வரும், எலிக்காய்ச்சல் வரும். கக்கூஸ் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் காலை வைக்க மாட்டார்கள். பயமுறுத்துவதைவிட அருவருப்பு நன்றாக வேலை செய்கிறது.

இடி மின்னல் இதைவிட லேசு, ஏனென்றால் எண்ணலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு மேல் கொழும்பில் வானம் இருண்டு வரும். முதலில் புழுக்கம், பிறகு திடீரென்று ஒரு குளிர்காற்று. அந்தக் காற்றைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள், "மழைக்கு முன்னால் வருகிற காற்று" என்று. மின்னியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணுங்கள். ஒளி உடனே வந்துவிடும், சத்தம் பின்னால்தான் வரும். மூன்று எண்ணினால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். ஒன்பது எண்ணினால் மூன்று கிலோமீற்றர், கொட்டாஞ்சேனையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய களனிப் பாலத்தடி. எண்ணிக்கை கூடினால் இடி தள்ளிப் போகிறது. எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அழ நேரமில்லை. ஆனால் சட்டம் ஒன்றுதான்: இடிச்சத்தம் கேட்டால், எவ்வளவு தூரத்தில் என்றாலும், மொட்டைமாடியிலும் காலிமுகத்திடலிலும் நிற்காமல் உள்ளே வர வேண்டும். அப்புறம் ஒரு வேண்டுகோள். டிவி பிளக்கைக் கழற்றுவதற்காக அலறியடித்து ஓடாதீர்கள். பல பிள்ளைகள் பயப்படுவது இடிக்கு இல்லை, அம்மாவின் அந்த ஓட்டத்துக்கு.

மண்சரிவு கொழும்பு நகரத்துக்குள் வழமையாக நடப்பதில்லை, ஆனால் கொழும்புப் பிள்ளைகளுக்கு அது தூரத்து விஷயமும் இல்லை. எங்கள் பக்கத்தில் மலையகக் குடும்பங்கள் நிறைய. பாட்டியும் தாத்தாவும் பதுளையில், நுவரெலியாவில், ஹட்டனில் தேயிலைத் தோட்ட லயத்தில் இருப்பார்கள். டித்வா நாட்களில் போன் எடுக்கவில்லை, பாதை இல்லை, வீட்டில் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியான நேரத்தில் "பாட்டியோடு பேச முடியவில்லை, அதனால் எனக்குக் கவலையாக இருக்கிறது, மாமா தேடிப் போயிருக்கிறார், தெரிந்ததும் உனக்கும் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். அம்மாவுக்குக் கவலை என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது காரணம் மட்டும்.

விளக்கம் கேட்டால்: நாள்கணக்கில் மழை பெய்தால் மலையின் மண் தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும், பிடிப்பும் விட்டுவிடும், சரிவில் நிற்க முடியாமல் கீழே வழுக்கும். வருமுன்னே சில வேளை அடையாளமும் காட்டும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊறி வரும் கலங்கல் தண்ணீர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. நிறம் பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம்: மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் பையைக் கட்டு, சிவப்பு என்றால் இறங்கிப் போ. ஊருக்குப் போகும்போது பாட்டிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுக்கலாம்.

டித்வாவில் நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிள்ளைக்குத் தொகை வேண்டாம். ஆனால் தெரிந்தவர் ஒருவர் இறந்திருந்தால் "இறந்துவிட்டார்" என்றே சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்று சொன்னால் ராத்திரிப் படுக்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றால் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்க்கும். "உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வலிக்காது, இனி வரவும் மாட்டார்." கேட்க எங்களுக்குத்தான் கொடுமையாக இருக்கும். பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும், நீங்களும் அதே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வசனத்தை மாற்றினால் செய்தி மாறிவிட்டது என்று நினைக்கும்.

இனி "யார் செய்தது" என்ற கேள்வி. சின்னப் பிள்ளைகள் மழை, காற்று எல்லாவற்றையும் யாரோ ஒருவர் வேண்டுமென்று செய்வதாகவே நினைப்பார்கள் என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே எழுதியிருக்கிறார். அதை நான் வகுப்பிலேயே பார்க்கிறேன். டித்வா என்பது ஒரு பூதம் என்று நம்பிய பிள்ளை இருந்தது. புயல்களுக்கு நாடுகள் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்கின்றன, இந்தப் பெயரை யேமன் கொடுத்தது, அங்கே சொகோத்ரா தீவில் இருக்கும் ஒரு களப்பின் பெயர் அது என்று சொன்னதும் பூதம் ஓடிவிட்டது.

அதைவிடக் கஷ்டமான பூதம், "நீ குழப்படி செய்தாய், அதுதான் சாமி கோபித்துக்கொண்டது." இதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள், விளையாட்டுக்கும் வேண்டாம். தம்பியை அடித்த அன்றைக்கே வெள்ளம் வந்தால் தன்னால்தான் வந்தது என்று பிள்ளை உண்மையாகவே எடுத்துக்கொள்ளும், யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளும். அம்மம்மா சொல்கிறா என்றால் பிள்ளைக்கு முன்னால் அம்மம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். பிறகு தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். கும்பிடுவதற்கு நான் எதிரி இல்லை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்றுவதும், கோயிலில் விளக்கு வைப்பதும், வாப்பாவோடு துஆ கேட்பதும் பிள்ளைக்குத் தைரியம் கொடுக்கிறது. சாமியிடம் காப்பாற்றக் கேட்கலாம், சாமியைக் காட்டி மிரட்டக் கூடாது. இவ்வளவுதான் என் கட்சி.

சுனாமியை மூன்று வயதுக்கு விளக்க வேண்டாம். கடற்கரைக்குப் போக முன்னால், வீட்டிலேயே, ஒரு விதி போதும்: கடல் திடீரென்று உள்ளே போனாலோ, பெரிய இரைச்சல் கேட்டாலோ, நிலம் ஆடினாலோ பார்த்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால், கடலுக்கு அடியில் நிலம் அசைந்து தண்ணீரைத் தள்ளியது என்று சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் அசைந்த நிலம் தள்ளிய அலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எங்கள் கிழக்குக் கரையை அடித்தது. ஒவ்வொரு வருடமும் அன்று காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம் இருக்கும்போது பிள்ளை கேட்கும், தயாராக இருங்கள். அப்போது நான் சொல்வது டில்லி ஸ்மித்தின் கதை. பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி. தாய்லாந்தில் புக்கெட் கடற்கரையில் கடல் நுரைத்துப் பொங்கியதைப் பார்த்ததும், இரண்டு கிழமைக்கு முன் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்து அம்மா அப்பாவிடம் சொன்னாள். எல்லோரும் கரையைவிட்டு ஓடித் தப்பினார்கள். ஒரு பிள்ளை சொன்னதைப் பெரியவர்கள் கேட்டார்கள் என்பது என் வகுப்புக்கு மிகவும் பிடித்த பகுதி. 2012 ஏப்ரல் 11ஐயும் சொல்வேன். அன்றும் சுமாத்திராப் பக்கம் நிலம் அசைந்தது, இங்கே எச்சரிக்கை வந்து கரையோரச் சனமெல்லாம் உள்ளே போனார்கள், பெரிய அலை வரவில்லை, வீட்டுக்குத் திரும்பினார்கள். ஓடிய பிறகு ஒன்றும் வராமல் போவதும் நல்ல முடிவுதான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

புகை மூட்டமும் அப்படியே. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம் இந்தியப் பக்கத்திலிருந்து அழுக்குக் காற்று வந்து, பாடசாலைகளுக்கு லீவு விட்டார்கள். காற்று ஊர்விட்டு ஊர் போகும், அழுக்கையும் தூக்கிக்கொண்டு வரும், காற்றுத் திசை மாறினால் போய்விடும், அதுவரை மாஸ்க். போதும்.

இதெல்லாம் மழையில்லாத நாளில் சொல்ல வேண்டியவை. கரண்ட் போன இருட்டில் ஆற்றுப் பாடம் எடுபடாது. அன்றைக்குப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு வேலை. அதற்காகத் தனியாக ஒரு சின்னப் பை கட்டி வையுங்கள்: டோர்ச், விசில், தண்ணீர்ப் போத்தல், மாற்று உடுப்பு, பிடித்த பொம்மை, பெயரும் போன் நம்பரும் எழுதிய தாள். டோர்ச் பிடிப்பது பிள்ளையின் பொறுப்பு. கிளினிக் கார்டும் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீனில் உங்கள் பையில். உங்கள் போன் நம்பரைப் பாட்டு மாதிரி இழுத்துப் பாடிப் பழக்குங்கள், நாலு வயதில் பிடித்துக்கொள்வார்கள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர், அதையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

பிறகு சில கிழமைக்குப் பிள்ளை வெள்ள விளையாட்டு விளையாடும். பொம்மைகளைத் தண்ணீருக்குள் போடும், காப்பாற்றும், திரும்பப் போடும். விடுங்கள். தடுக்காதீர்கள், "என்ன கூடாத விளையாட்டு" என்றும் சொல்லாதீர்கள். காப்பாற்றவே மாட்டாமல் பொம்மைகள் ஒவ்வொரு தரமும் மூழ்கிக்கொண்டே இருந்தால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து "படகு ஒன்று வந்தால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள்.

மழைச் சத்தத்துக்கே நடுங்குவது, விட்ட பழக்கமான படுக்கையில் மூத்திரம் போவது, அம்மாவை விட்டு அசையாமல் இருப்பது எல்லாம் முதல் சில கிழமையில் வழமை. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் குடும்ப வைத்தியரிடமோ பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ காட்டுங்கள். 1926க்கு அழைத்தால் மனநல ஆலோசனை கிடைக்கும். இது உங்களுக்கும் சேர்த்துத்தான், வீடு கழுவிக் களைத்துப்போன அம்மாமாருக்கு.

முன்பள்ளி டீச்சரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, பிள்ளை எதைப் பார்த்தது, யாரையாவது இழந்தீர்களா என்று. வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், கொப்பி நனைந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறார்கள். தெரிந்தால் அன்றைக்கு "கப்பல் கப்பல்" விளையாட்டை நாங்கள் எடுக்க மாட்டோம், தண்ணீர்த் தொட்டியையும் கொஞ்ச நாள் வெளியே வைக்க மாட்டோம். கொப்பிக்கு ஒன்றும் அவசரமில்லை.